பட்டாளத்து மேடையில் ஹலோ அண்ணன்

“நாலு எழுத்து படிச்சிட்டா ஊரையே ஒண்ணா உக்கார வச்சிடுவியாம்மா? மொதல்ல நம்ம ஊட்ல நாலு பேர உக்கார வை, பாக்கலாம்.”

ஊர்க் கூட்டம் கூட்டப்போகிறேன் என்றதும் என் பெரியப்பா ஏழுமலை சொன்னது இது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். விடுவேனா? கூட்டினேன். ஆனால் உட்காரவைத்தது நானில்லை, ஹலோ அண்ணன்.

காஞ்சிபுரம் சுற்றுவட்டாரத்தில் ஹலோ அண்ணன் இல்லாமல் எந்தக் கூட்டமும் தொடங்கியதில்லை. அவர் இருந்ததால் எதுவும் ஒழுங்காக முடிந்ததும் இல்லை. மைக் செட் வைத்திருப்பவர். அவருக்கும் பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். ‘ஹலோ, ஹலோ’ என்று மைக்கைச் சோதித்துச் சோதித்து அதுவே பெயராகிவிட, அவர் மனைவியே “ஏங்க ஹலோ” என்றுதான் கூப்பிடுவார்.

பேச்சு நீண்டால் சத்தத்தைக் குறைத்துவிடுவார். ஒருமுறை கட்சிப் பேச்சாளர் ஒருவர் ஆவேசமாகக் கையை உயர்த்தியபோது ஒலிபெருக்கிக் குழாயில் கேட்டது ஹலோ அண்ணன் குரல்: “வெள்ளை ஸ்கூட்டி ஓனர் எங்கிருந்தாலும் வரவும். மாடு உங்க சீட்ட நக்கிக்கினு இருக்குது.” அன்றைக்குக் கைதட்டல் மாட்டுக்குத்தான்.

எங்கள் ஊர்ச் சண்டை பட்டாளத்து மேடையைப் பற்றியது. உலகப் போர்க் காலத்தில் விமானம் இறங்க ராணுவம் போட்ட கான்கிரீட் தளம் அது. விவசாயக் குடும்பங்கள் அதில் நிலத்தை இழந்தன. எங்கள் கிணறும் அதற்கு அடியில்தான். தறி ஓடாமல் பட்டினி கிடந்த நெசவுக் குடும்பங்களோ அங்கே கல் சுமந்துதான் சோறு கண்டன. உடைத்துப் போடு என்றார்கள் விவசாயிகள். கை வைக்காதே என்றார்கள் நெசவாளர்கள். உடைத்தால் இரண்டு கதையும் போய்விடும். தளம் இருக்கட்டும், இரண்டையும் பலகையில் எழுதி வைப்போம் என்றேன் நான். இரண்டு பக்கமும் முதன்முறையாக ஒற்றுமையாகி என்னைத் திட்டின. நான் கூட்டுகிற கூட்டத்தில் முடிவு எட்டப்படாவிட்டால், உடைக்கிற இயந்திரம் வந்துவிடும் என்று சொல்லிவிட்டார் பஞ்சாயத்துத் தலைவர்.

கூட்டத்தன்று ஹலோ அண்ணன் ஒரே ஒரு மைக்கைத் தளத்தின் நட்டநடுவில் நிறுத்தினார்.

“இந்தாண்ட கொண்டாப்பா,” என்றார் பெரியப்பா.

“ஒயர் பத்தாது.”

“அப்போ எங்களுக்குக் குடு,” என்றார் எதிர்ப்பக்கத்திலிருந்து நெசவாளர் சபாபதி.

“அங்கயும் பத்தாது. நடந்து வாங்க. ஒயருக்குத்தான் கால் இல்ல, உங்களுக்கு இருக்குதில்ல?”

வந்தார்கள். ஒரு மைக்குக்கு இரண்டு மீசை. பெரியப்பா கிணற்றைச் சொல்லிக் கத்தி முடித்ததும், சபாபதி மைக்கைக் கையில் எடுத்துப் பொத்திக்கொண்டு அவருக்கு மட்டும் முணுமுணுத்தார்: “அண்ணே, அந்தக் கெணத்த மூடினவங்கள்ல எங்க தாத்தாவும் ஒருத்தரு. சாவுற வரிக்கும் சொல்லிக்கினே இருந்தாரு.”

பேச்சை எங்கே நிறுத்துவது என்பதில் கைதேர்ந்த ஹலோ அண்ணன், அப்போது சத்தத்தைக் கூட்டினார். பனைமரத்தில் கட்டியிருந்த குழாய்கள் அந்த முணுமுணுப்பை ஊருக்கே சொல்லின.

 “எந்த எடம்னு தெரியுமாய்யா?” என்றார் பெரியப்பா.

“காட்டியிருக்காரு. வாங்க.”

கையில் மைக் இருப்பதையே மறந்து சபாபதி நடந்தார். பெரியப்பா பின்னால் போனார். பத்தாத ஒயர் சுருள் சுருளாக அவிழ்ந்து, தளத்தின் கடைசி வரை அவர்களோடு போனது.

“ஹலோ, இன்னாய்யா இது?” என்றார் தலைவர்.

“வளருது தலைவரே.”

கடைசியில் ஓரிடத்தில் பெரியப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். குழாயில் அவர் குரல் வந்தது: “உடைக்க வேணாம். எங்க கெணறு இங்க இருந்துச்சின்னு எழுதுங்க.”

“மூடினது யாருன்னும் எழுதுங்க,” என்றது சபாபதியின் குரல்.

இயந்திரம் வரவில்லை. பலகையில் யார் கதையை முதலில் எழுதுவது என்று இப்போது புதுச் சண்டை. அதற்கும் கூட்டம் போட்டுவிட்டேன். தேதியை முதலில் ஹலோ அண்ணனிடம் சொன்னேன். பஞ்சாயத்துத் தலைவரிடம் அதற்குப் பிறகுதான்.