டும்மு பாயும் என் தாம்பாளமும்

எனக்குக் கோவையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு நின்றுபோன கை. முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்வேன், பாதியை மறந்தும் போவேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஒன்றை மட்டும் அடித்துச் சொல்வேன். சத்தம் போடுகிற கடையை வைத்துக்கொண்டு, அந்தச் சத்தம் வெளியே கேட்டால் கண் கலங்குகிற மனுஷர் இந்தப் பூந்தமல்லியில் ஒருத்தர்தான். பூந்தமல்லி என்ன, ஆவடி, அம்பத்தூர் எல்லாம் சேர்த்தாலும் ஒருத்தர்தான். அவர் டும்மு பாய்.

அவருக்கு வேறு பெயர் உண்டு. தெருவில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. கார் வாங்கும்போதே கம்பெனிக்காரன் ஒரு பாட்டு செட்டு வைத்துக் கொடுக்கிறான் அல்லவா, அதற்குத் துணையாக ஓர் ஆம்ப்ளிஃபயரும், டிக்கியில் டும் டும் என்று அடிக்கிற வூஃபர் பெட்டியும் பூட்டித் தருவது அவர் தொழில். கம்பெனி செட்டைக் கழற்றி எறியச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும்.

"அத்த ஏம்பா திட்ற? அது நல்ல செட்டுதான். தெம்பு இல்லாம கீது, அவ்ளோதான். நாலு வாய் சோறு போட்டா நல்லா பாடும்."

என் வீட்டின் முன்கட்டைத்தான் கடைக்கு எடுத்தார். கடைக்கும் என் சமையலறைக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவரில்தான் என் பாத்திர ஸ்டாண்டு. கார் பாதி தெருவில், டிக்கி கடைக்குள் என்று நிற்கும். வந்த அன்றைக்கு, "ஆயா, சத்தமே வராது, நிம்மதியா இரு" என்றார். மறுநாள் காலை நான் தோசை ஊற்றினேன். தோசை தானாகத் திரும்பிக்கொண்டது. ஸ்டாண்டில் இருந்த மூடி உருண்டு வாசல் வரை போய், யாரையோ தேடுவது போல் நின்றது.

காலி பண்ணச் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். எனக்கோ வெளி ஆளிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வராது. காய்காரரிடம் கொசுறு கொத்தமல்லி கேட்கக் கூச்சப்பட்டே வயசாகிவிட்டது. ஆகையால் கண்ணாடி முன்னால் நின்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன்: "பாய், கடையைக் காலி பண்ணிடுப்பா." நன்றாகத்தான் வந்தது. கடை வாசலுக்குப் போனேன்.

"இன்னா ஆயா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

"தாம்பாளம் ஆடுதுப்பா" என்று மட்டும் வந்தது.

அவர் கையில் இருந்த ஸ்குரூ டிரைவர் கீழே விழுந்தது. "தாம்பாளமா? தாம்பாளம் மட்டுமா? கொடம் ஆடலியா?" செருப்பைக் கழற்றிவிட்டு என் சமையலறைக்குள் ஓடினார். ஸ்டாண்டின் முன்னால் டாக்டர் மாதிரி குனிந்து நின்றார். திரும்பிப் போய்க் காரின் டிக்கி மூடியை உரித்து, உள்ளே தார் வாசனை அடிக்கிற ஷீட் ஒன்றை ஒட்டி, மறுபடியும் பாட்டைப் போட்டார். தாம்பாளம் கம்மென்று இருந்தது.

"ஆயா, டும்மு டும்முன்னு வெளிய கேக்குது பாரு, அது பேஸ் இல்ல. லீக்கு. காசு குடுத்தவன் உள்ள குந்திகினு கீறான், அவன் பாட்ட தெருவுக்கு ஏன் குடுக்கணும்?"

அன்றைக்கு என் சமையலறை அவருடைய பரிசோதனைக்கூடம் ஆனது. கடைச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்தார். தாம்பாளம் ஆடினால் டிக்கி மூடி. டம்ளர் கிணுகிணுத்தால் நம்பர் பிளேட். கரண்டி ஆடினால் கதவு. பித்தளைக் குடம் முனகினால் வூஃபர் பெட்டியில் எங்கோ ஓட்டை. நான் பாத்திரம் பார்த்துச் சொல்லாமல் எந்தக் காருக்கும் சாவி கொடுக்க மாட்டார்.

ஒரு கஸ்டமர் பொறுமை இழந்து, "இன்னா பாய், டெஸ்டிங் எங்கதான் நடக்குது?" என்று கேட்டார்.

"பக்கத்து ஊட்ல. கொழம்பு கொதிச்சுகினு கீது, கொஞ்சம் இரு."

ஒருமுறை குடத்தை ஈயம் பூசக் கொடுத்துவிட்டேன். அது திரும்பி வரும் வரைக்கும் இரண்டு நாள் கடையைத் திறக்கவில்லை. "கண்ணு இல்லாம எப்டி ஆயா வேல செய்றது?" என்றார். நான் புதிதாக ஒரு குக்கர் வாங்கியபோது, அது எதற்கு ஆடும் என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். அது எதற்கும் ஆடவில்லை. அதன் மேல் அவருக்கு இன்றைக்கு வரை மரியாதை வரவில்லை.

ஒரு நாள் இரண்டு இளவட்டப் பிள்ளைகள் ஒரு பழைய காரோடு வந்தார்கள். "மச்சான், ரோடே அதிரணும், போடு" என்றார்கள்.

"அப்ப ரோட்டுக்கு போட்டுக்க. காருக்கு ஏன் போட்ற?" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இன்னொன்று. பேட்டரியில் இருந்து ஆம்ப்ளிஃபயருக்கு வருகிற தடித்த சிவப்பு ஒயரில், தீப்பிடிக்காமல் இருக்க ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் போட வேண்டும் என்பார். "அப்புறம் போட்டுக்கலாம் பாய்" என்று யாராவது சொன்னால், ஒயரைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவார். ஒயர் இல்லாமல் செட்டு பாடாதே, கார் என்ன செய்யும்? நிற்கும். ஆளும் நிற்பார். கடைசியில் டீக்கடைக்கே போய்ச் சரி என்று சொல்லித்தான் கூட்டி வருவார்.

இப்படிப்பட்டவரைத்தான் தெருவே சேர்ந்து விரட்டப் பார்த்தது. அதில் தெருவைக் குறை சொல்லவும் முடியாது. வேறு எங்கெங்கோ பூட்டிக் கெட்டுப்போன கார்கள் எல்லாம் சரி செய்ய இவரிடம்தான் வரும். வரும்போதே டமடம என்று ஊரைக் கூட்டிக்கொண்டு வரும். சரியாகி, பூனை மாதிரி திரும்பிப் போவதை யார் கவனிக்கிறார்கள்?

எதிர்வீட்டில் தெரு சங்கத்தின் செகரட்டரி சார். ரிட்டயர் ஆனவர். மத்தியானத் தூக்கம் அவருக்கு மருந்து மாதிரி.

"ஏம்மா, என் நெஞ்சு அடிக்குதா, அந்தாளோட டப்பா அடிக்குதான்னே தெரியல. டாக்டர்கிட்ட போய் நான் என்னன்னு சொல்றது?"

காலி செய்யச் சொல்லி மனு எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். வீட்டுக்காரி நான் மட்டும்தான் பாக்கி. பெங்களூரில் இருக்கிற என் மகனுக்கும் போன் போட்டுவிட்டார். மகன் என்னிடம், "அம்மா, ஞாயித்துக்கிழமைக்குள்ள நீயே சொல்லிடு. உனக்கு எதுக்கும்மா இந்த வம்பு?" என்றான்.

மறுபடியும் கண்ணாடி. மறுபடியும் கடை வாசல். "இன்னா ஆயா, இன்னிக்கு யாரு ஆடுனா?" என்று கேட்டார். "கரண்டி" என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த நாளும் போனேன். அன்றைக்கு யாருமே ஆடவில்லை. அதையும் சொல்லிவிட்டு வந்தேன். அவர் சந்தோஷத்தில் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். டீயைக் குடித்துவிட்டு எப்படிக் காலி பண்ணச் சொல்வது?

சனிக்கிழமை செகரட்டரி சாரே நேராகக் கடைக்குப் போய்ச் சொல்லிவிட்டார். பாய் சண்டை போடவில்லை.

"சார், இது எனக்கு அஞ்சாவது கட. நாலு தெருவுல கேக்காமயே தொரத்திட்டாங்க. நீங்க ஒருவாட்டி கேட்டுட்டு தொரத்துங்க. நாளைக்கு வெள்ளானூர்லேந்து ஒரு வண்டி வருது. முழு வேலையும் முடிச்சு வைக்கிறேன். ஆயா கிச்சன்ல வந்து நில்லுங்க. ஒரு பாத்திரம் ஆடுனாகூட சாமானை ஏத்திக்கினு போயிட்றேன்."

ஞாயிறு சாயங்காலம் என் சமையலறையில் செகரட்டரி சாரும் தெருக்காரர்களுமாக ஒன்பது பேர். அந்த அறையில் என்னோடு சேர்ந்து இன்னொருத்தர் நின்றாலே அடுப்பு மூச்சு விடாது. நான் ஸ்டாண்டோடு ஒட்டி நின்றேன். அந்தப் பக்கம் பாய், "போட்றேன்!" என்று குரல் கொடுத்தார்.

குடம் பேசவில்லை. டம்ளர், கரண்டி, ஒன்றும் பேசவில்லை. ஒன்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் கரண்டியைப் பார்த்தது எனக்கு வெட்கமாக இருந்தது. அப்போது என் முதுகுக்குப் பின்னால், என் கல்யாண வரிசையில் வந்த அந்தத் தாம்பாளம் மெள்ள ஆரம்பித்தது. என் கை எப்போது பின்னால் போனதோ தெரியாது. உள்ளங்கையை விரித்து அழுத்தினேன். ஈ மாட்டிக்கொண்ட மாதிரி கைக்குள்ளேயே துடித்தது. வெளியே சத்தம் இல்லை.

பாட்டு நின்றது. பாய் ஓடி வந்தார். செகரட்டரி சாரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "ஆயா, ஆடுச்சா?"

ஒன்பது பேர் முன்னால் நான் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. "ஆடல" என்றேன்.

செகரட்டரி சார் மனுவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். கூட்டம் கலைந்தது. வெள்ளானூர்க்காரர் சாவிக்குக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். பாய் சாவியைக் கொடுக்கப் போனார். இத்தனை நாளில் நான் பார்த்துச் சொன்னதை அவர் ஒரு தடவைகூடச் சந்தேகப்பட்டதில்லை.

"பாய்... தாம்பாளம் ஆடிச்சுப்பா. நான்தான் புடிச்சுக்கினேன்."

சாவி திரும்ப அவர் பைக்குள் போய்விட்டது. என்னைத் திட்டவில்லை. "எவ்ளோ நேரம் ஆடுச்சு?" என்று மட்டும் கேட்டார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு நேராக எதிர்வீட்டுக்குப் போனார். வேண்டாம் என்று கூப்பிட நினைத்தேன். என் குரல் தெருவைத் தாண்டுகிற குரல் இல்லை.

"சார், ஆடுச்சு சார்."

செகரட்டரி சார் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "என்னய்யா ஆடுச்சு?"

"தாம்பாளம். ஆயா கைய வச்சு புடிச்சிருக்கு. என் வேலதான் தப்பு. அடுத்த ஞாயித்துக்கிழம இன்னொருவாட்டி வாங்க. இல்ல, இப்பவே காலி பண்ணுன்னாலும் சரி."

ஜெயித்த ஆள் தேடி வந்து தோற்றுவிட்டேன் என்று சொன்னால் என்ன பதில் சொல்வது என்று சங்கத்து விதிகளில் இல்லை போலிருக்கிறது. செகரட்டரி சார், "அடுத்த ஞாயிறு" என்று மட்டும் சொன்னாராம்.

அந்த வாரம் பாய் அந்தக் காரை எலும்பு எலும்பாகப் பிரித்தார். டிக்கி மூடி சரியாகத்தான் இருந்தது. கடைசியில் பின்சீட்டுக்குப் பின்னால் இருக்கிற பலகையில் ஒரே ஒரு நட்டு லூசு. அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் காட்ட ஓடி வந்தார், பிள்ளைக்கு முதல் பல் விழுந்த மாதிரி.

ஞாயிறு வந்தது. இந்தத் தடவை செகரட்டரி சார் மட்டும்தான். "நீங்க தள்ளி நில்லுங்கம்மா. ரெண்டு கையையும் முன்னாடி வைங்க" என்றார். நான் குற்றவாளி மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் என் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து, ஒரு சிட்டிகைக் கடுகை எடுத்துத் தாம்பாளத்தில் தூவினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். பாட்டு ஆரம்பித்தது.

கடுகு அசையவில்லை. அப்புறம் ஒன்றே ஒன்று, ஓரத்தில் இருந்தது, ஒரு சுற்று உருண்டது. நானும் பார்த்தேன். அவரும் பார்த்தார். என் கை இரண்டும் கட்டியபடியே இருந்தது.

பாய் ஓடி வந்தார். "சார், ஆடுச்சா?"

செகரட்டரி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு கடுகு நகர்ந்துச்சு. அது ஃபேன் காத்து" என்றார்.

என் சமையலறையில் ஃபேன் கிடையாது.

கடை இன்னும் இருக்கிறது. நான் எழுதியதில் தப்பு இருக்கும். ஒயர் சிவப்பா கறுப்பா, ஃபியூஸ் ஒரு சாணா இரண்டு சாணா, டம்ளர் நம்பர் பிளேட்டுக்கா கதவுக்கா என்பதெல்லாம் குழம்பியிருப்பேன். யாராவது கடைக்குப் போய் அவரிடமே கேட்டுத் திருத்திவிடுங்கள். எனக்குக் கேட்கக் கூச்சம். ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லிவிட வேண்டாம். காரே வராமல் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமில்லாமல் கிடக்கிற நாட்களில், நானே அந்தத் தாம்பாளத்தை எடுத்து ஓர் ஆட்டு ஆட்டுவேன். "எங்க ஆயா லீக்கு?" என்று ஓடி வருவார். டீ போட்டு வைத்திருப்பேன்.