அடுத்தவருக்குக் குணம், தனக்கு விதி

உலகத்தில் ஒரு வகை மனிதர் உண்டு. அடுத்தவர் குப்புற விழுந்தால், "அவற்ர குணத்துக்கு வேறென்ன நடக்கும்?" என்பார்கள், தாம் விழுந்தால், முழங்காலைத் தடவியபடி வானத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். எந்த ஊரில்தான் இவர்கள் இல்லை? எங்கள் ஊர்காவற்றுறைக்கு வாய்த்தவர் வல்லிபுரம் மாஸ்ரர்.

உயர்தர வகுப்புக்கு நாடகம் படிப்பிப்பவர். கிரேக்கத் துன்பியல் நாயகன் ஏன் வீழ்ந்தான் என்ற பாடம் வந்துவிட்டால், சட்டைக் கையை மடித்து, சுண்ணக்கட்டியை வாளாகப் பிடித்து, கதவுக்கும் கரும்பலகைக்குமாக நடந்து, இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே செத்துப்போனவனை மறுபடியும் கொன்றுவிட்டுத்தான் உட்காருவார்.

"எத்தனை பேர் மறிச்சவை! கேட்டவனோ? ஆணவம், பிள்ளையள், ஆணவம்! விதியெண்டு எழுதினால் முட்டைதான்."

போன மாதம் அவருக்குப் பள்ளிக்கூட அதிபர் பதவிக்கான நேர்முகம் வந்தது. பதினெட்டு வருடக் கனவு. யாழ்ப்பாணத்தில், காலை ஒன்பது மணிக்கு.

"ஏழு மணி பஸ்ஸில போங்கோவன்," என்றார் மனைவி கேதீஸ்வரி.

"அந்தக் கொண்டக்டர் என்னைப் பாத்து 'பின்னுக்குப் போ' எண்டவன். அவன்ர பஸ்ஸில இனி ஏறமாட்டன்."

"அது போன வருசத்துக் கதையெல்லே?"

"அவமானம் அவமானம்தான்!"

ஆகவே படகில் எதிர்க்கரைக் காரைநகருக்குக் கடந்து, அங்கே வேறு பஸ் பிடித்து, சுற்றிவளைத்து யாழ்ப்பாணம் போவதென்று முடிவாயிற்று. துறையில் படகோட்டி சில்வெஸ்ரர் மறித்தார்.

"மாஸ்ரர், எஞ்சின் இருமுது. திருத்திப்போட்டுத்தான் எடுக்கலாம். பஸ் இன்னும் நிக்குது, ஓடுங்கோ."

"என்ர பயணத்தை நான் பாக்கிறன். நீர் படகை எடும்!"

எடுத்தார். பாதி வழியில் எஞ்சின் நின்றது. கழுத்துப்பட்டியும் கறுப்புச் சப்பாத்துமாக, சான்றிதழ்க் கோப்பைக் குடையாகத் தலையில் பிடித்துக்கொண்டு, மாஸ்ரர் இரண்டு மணி நேரம் கடலில் காய்ந்தார். யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை. நேர்முகம் முடிந்திருந்தது. அதே நேர்முகத்துக்கு ஏழு மணி பஸ்ஸில் போன நிமலினி ரீச்சருக்கே பதவி கிடைத்தது.

"ஏழரைச் சனி, கேதீஸ்வரி. ஆரை நொந்தென்ன?" என்று கதிரையில் சாய்ந்தார் மாஸ்ரர்.

"பஸ்ஸில ஏற வேண்டாமெண்டு சனியோ சொன்னது?" என்றுவிட்டுக் குசினிக்குள் போனார் கேதீஸ்வரி.

அடுத்த வாரம் வகுப்பில் சில்வெஸ்ரரின் மகள் நிலக்சனா எழும்பினாள்.

"சேர், ஆரும் மறிக்காமல் நாயகன் போய் விழுந்தால் அது விதியோ?"

"ஓம்."

"மறிச்சும் போனால்?"

"குணம்! எத்தனை தரம் சொன்னனான்?"

"அப்பா உங்களை மறிச்சவராம், சேர்."

மாஸ்ரரின் காது சிவந்தது. இத்தனை வருடத்தில் முதன்முறையாக, அந்தக் கிரேக்கன் மேல் அவருக்கு இரக்கம் வந்தது. பாவம், அவனுக்கும் ஏதோ கஷ்டம் இருந்திருக்கும். சுண்ணக்கட்டியை மெல்லக் கீழே வைத்தார்.

"எழுதுங்கோ... நாயகன்ர வீழ்ச்சியில விதிக்கும் கொஞ்சம் பங்கிருக்கு."

பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள்.

வாசகரே, இதை வாசிக்கும்போதே உங்களுக்கு யாரோ ஒருவரின் முகம் நினைவுக்கு வந்திருக்குமே? அவருக்கு இதை அனுப்பிவைக்கக் கை துடிக்குமே? தாராளமாக அனுப்புங்கள். ஆனால் கொஞ்சம் கெதியாக. அவர் உங்களுக்கு அனுப்பி முந்திவிடப் போகிறார்.