குறையாத மண்ணெண்ணெய்

அடிக்கோலை மண்ணெண்ணெய் டின்னுக்குள் விட்டு எடுத்துப் பார்த்தார் அமிர்தலிங்கம். ஒன்பது அங்குலம். நேற்றும் ஒன்பது, முந்தாநாளும் ஒன்பது. சாயங்கால வகுப்பில் நான்கு விளக்கும் எரிந்தும் எண்ணெய் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது.

மலாயாவில் புக்கிட் பெலண்டோக் பக்கத்து ரப்பர் தோட்டப் பள்ளிக்கு அவர் ஒருவர்தான் வாத்தியார். போன மாதம் எண்ணெய் கூடுதலாகச் செலவாகிவிட்டதென்று தோட்டத்து வெள்ளைக்காரத் துரை பிள்ளைகள் முன்னாலேயே அவரை ஏசித் தீர்த்தார். அதிலிருந்து தினமும் அளந்து எழுத வேண்டும். நாளுக்கு அரை அங்குலம் குறைய வேண்டும். கூடக் குறைந்தால் ஏச்சு. குறையாவிட்டால்? அவசரகாலமாயிற்றே! காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சேர்த்து வைத்தான் என்று உள்ளே தள்ளிவிடுவார்கள்.

"கிராணி ஐயா, எண்ணெ குறையவே மாட்டேங்குது."

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி கணேசமூர்த்தி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வெளிய சொல்லாதீங்க லா! வெள்ளிக்கிழமை போலீஸ் சார்ஜன் அளக்க வர்றாரு. அதுக்குள்ள எப்படியாச்சும் குறைச்சிருங்க."

அன்றே வாத்தியார் திரிகளை முழுசாக ஏற்றிவிட்டார். வகுப்பு முழுக்கக் கரி. பிள்ளைகள் மூக்கைத் துடைத்துத் துடைத்து மீசை வைத்துக்கொண்டார்கள். காலையில் அளந்தால் ஒன்பது.

மறுநாள் கணக்குப் பாடத்துக்கே நான்கு விளக்கையும் கொளுத்தினார். பள்ளிக்கூடம் கூட்டும் ராக்கம்மா விளக்குமாற்றோடு வாசலில் நின்றுவிட்டாள்.

"பட்டப்பகல்ல எதுக்குய்யா வெளக்கு?"

"கண்ணு தெரியல!"

அந்த வழியாக வந்த கிராணி தலையிலடித்துக்கொண்டார். "காட்டுக்கு சிக்னல் குடுக்குறதா போலீஸ்காரன் எழுதிருவான்யா! அணைங்க!"

வியாழக்கிழமையும் ஒன்பது. அமிர்தலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை, உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை விடிந்ததும் டின்னைத் தூக்கிக்கொண்டு ரப்பர் மரங்களுக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் கானை நோக்கி ஓடினார். பாதியைக் கொட்டிவிட்டால் நிம்மதி.

முள்வேலி வாசலில் ஜீப் நின்றது.

"டின்னோட காட்டுப் பக்கம் எங்க போறீங்க, வாத்தியார்?" என்றார் சார்ஜன்.

வாத்தியார் டின்னைக் கீழே வைத்தார். சார்ஜன் அங்கேயே அளந்தார். அளவு எழுதிய புத்தகத்தை வரவழைத்துப் புரட்டினார்.

"எட்டு நாள் வெளக்கு எரிஞ்சிருக்கு. ஆனா எண்ணெ அப்படியே இருக்கு. சொல்லுங்க, யார் கொண்டாந்து ஊத்துறா?"

"சத்தியமா எனக்குத் தெரியாதுங்க!"

"ஏறுங்க ஜீப்புல."

ஊர் திரண்டு பார்க்க, வாத்தியார் ஒரு காலை ஜீப்பில் வைத்துவிட்டார். அப்போதுதான் ராக்கம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"அவர விடுங்கய்யா, நாந்தான் ஊத்துனேன்! எண்ணெ கொறஞ்சா தொர மறுபடியும் இவர ஏசுவாரேன்னு மனசு கேக்காம, தெனம் கொறஞ்ச அளவுக்குத் தண்ணிய ஊத்தி வச்சேன். எண்ணெதான் மேல மெதக்குதே, படிச்ச மனுசன் இவருக்கே தெரியலையே!"