கிணற்றின் மேல் பேதி டீச்சர்

ஜவ்வாது மலையில் இருந்த அத்தனை பேருடைய வயிற்றைப் பற்றியும் கவலைப்பட்ட ஒரே ஜீவன் பேதி டீச்சர்தான். கடவுள்கூட அவ்வளவு நுணுக்கமாக விசாரித்திருக்க மாட்டார்.

எழுபதுகளின் கடைசி. புயல், வெள்ளம் வந்தால் ஊரை மறுபடி எழுப்ப இளைஞர்களைப் பழக்குகிறோம் என்று ஒரு தொண்டு நிறுவனம் ஜமுனாமரத்தூர் பக்கம் மையம் திறந்தது. எஸ்.எஸ்.எல்.சி.யில் கோட்டைவிட்ட நாங்கள் இருபது பேர் சேர்ந்தோம். முடித்தால் அரசாங்க வேலை என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். கலசப்பாக்கத்தில் என் அப்பா என்னைப் பாதி தாசில்தாராகவே ஆக்கிவிட்டார். பயிற்சி கொடுக்க வந்திருந்த டீச்சர் முதல் நாளே ஆளுக்கொரு மண்வெட்டி கொடுத்துக் கக்கூஸ் குழி வெட்டச் சொன்னார்.

மூங்கில் தட்டி கட்டுவது, மண்சுவர் வைப்பது எல்லாம் கற்றுக்கொடுத்தார். ஆனால் மனசு அதில் இல்லை. வெள்ளம் கொல்வது கொஞ்சம்தான், வடிந்தபிறகு வருகிற பேதிதான் ஊரைக் காலி பண்ணும் என்பது அவர் கட்சி. பஸ்ஸில் டிக்கெட் வாங்கும்போதுகூட வயிறு சரியாக இருக்கிறதா என்று கேட்பார். அவர் ஏறினால் கண்டக்டர் முன்பக்கத்திலேயே நின்றுகொள்வார்.

பேதிக்கு உப்பும் வெல்லமும் கரைத்த தண்ணீர். அது கண்ணீரைவிட உப்பாக இருக்கக் கூடாது என்பது பாடம். ஒப்பிட்டுப் பார்க்க எங்களில் ஒருவனான முனுசாமியை அழச் சொன்னார். அவனுக்கு அழுகை வரவில்லை. கையில் கிள்ளினார். வந்தது.

பார்வையிட வந்த பெரிய அதிகாரிக்கு நாங்கள் மாலை போடுவதற்குள் டீச்சர் முந்திக்கொண்டு வயிற்றை விசாரித்துவிட்டார். அவரும் அப்பாவியாக, காலையிலிருந்து மூன்று தடவை என்று உண்மையைச் சொல்லிவிட்டார். இருபது பேரும் சுற்றி நிற்க, டம்ளர் டம்ளராக அவருக்கு ஊற்றிப் பாடம் நடந்தது.

அந்த ஐப்பசியில் விடாத மழை. பஸ் பாதை மண் சரிந்து மூடிக்கொண்டது. மையத்துக்குக் கீழே இருந்த ஊரில் ஓடை உடைத்துக்கொண்டு, சில வீடுகளைக் கரைத்து, மாட்டுக் கொட்டகைகளையும் குப்பைக் குழிகளையும் கழுவிக் கொண்டுபோய் ஊர்க் கிணற்றில் கொட்டியது.

வெளியிலிருந்து யாரும் வர வழியில்லை. நாங்களே தட்டி கட்டிக் குடிசை போட்டோம். அவசரத்தில் ஒரு குடிசைக்கு வாசல் விட மறந்து, பிறகு அறுத்தோம். டீச்சர் கிணற்றின் மேல் பலகைகளைப் பரப்பி, குடையோடு ஏறி உட்கார்ந்துகொண்டார். மேலே உள்ள சுனையிலிருந்து நாங்கள் சுமந்து வந்து, வடிகட்டிக் காய்ச்சிக் கொடுக்கும் தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும். விறகோ ஈரம். ஒரு பானை கொதிக்க அரை நாள். ஊர் கொதிக்க அவ்வளவு நேரம் ஆகவில்லை.

நாட்டாமை நேரில் வந்தார். "எங்க பாட்டன் வெட்ன கெணறு. தடுக்கறதுக்கு நீ இன்னா உரிமைக்காரியா?"

"கெணறு உங்களுதுதாங்க. கொழந்தைங்களும் உங்களுதுதான். ரெண்டுல எது வேணும்னு சொல்லுங்க. நான் எழுந்து போய்ட்றேன்."

நாட்டாமை திரும்பிப் போனார். சாயங்காலம் டீச்சர் தலையில் போர்த்திக்கொள்ள அவர் வீட்டிலிருந்து ஒரு கோணி வந்தது.

ஐந்து நாள் காவல். டீச்சர் ஒதுங்கப் போகும்போது முனுசாமி உட்கார வேண்டும். அவன்மேல் நம்பிக்கை இல்லாமல் ஓடியே திரும்பி வருவார். இரண்டு குழந்தைகளுக்குப் பேதி கண்டது. உப்பு வெல்லத் தண்ணீரிலேயே தேறிக்கொண்டன. அதற்குமேல் பரவவில்லை. மழை விட்டதும் கிணற்றை இறைத்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டோம்.

அப்புறம் ஊர் பேசியதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒன்றுமே ஆகவில்லையே, இதற்கா அந்த அம்மா அவ்வளவு ஆட்டம் போட்டது என்றார்கள். கொதித்துப்போய் டீச்சரிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

"ஒண்ணும் ஆவலன்னு அவங்க வாயாலயே சொல்றாங்க இல்ல? அதுக்குத்தாண்டா நாம வந்தோம்."

எங்களில் யாருக்கும் அரசாங்க வேலை கிடைக்கவில்லை. டீச்சரைக் கடலோரத்துக்கு மாற்றிவிட்டார்கள். எந்த ஊர் என்றுகூட நாங்கள் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. இப்போதும் ரேடியோவில் வங்கக் கடலில் புயல் சின்னம் என்று சொன்னால், அந்தக் கரையில் அத்தனை ஊர் இருக்க, டீச்சர் நனையாமல் இருக்க வேண்டுமே என்றுதான் எனக்கு முதலில் தோன்றுகிறது.