கணவர்னா ஹேவ்

போன மழைக்காலத்தில், அரைகுறையாகக் காய்ந்த துணிகளை மாடியிலிருந்து எடுத்து வந்து மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரி எனக்கு இதைச் சொன்னாள். பாதி சொல்வதற்குள் தலையணை உறையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு அப்படி.

அவள் வீட்டுக்காரர் மருந்துக் கிடங்கில் ஸ்டோர்கீப்பர். அங்கே இங்கிலீஷில் போர்டு எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். 'மேனேஜர் ஹேவ் கான் அவுட்' என்று கொட்டை எழுத்தில் எழுதி வாசலில் மாட்டிவிட்டு, இரண்டடி தள்ளி நின்று தானே ரசிப்பார். கூட வேலை பார்ப்பவர்கள் அவருக்கு வைத்த பேர் டென்ஸ் மாமா. அதையும் பட்டமாகவே எடுத்துக்கொண்டார் மனுஷர்.

இருபத்தெட்டு வருஷமாக மனைவிக்கு அவர் நடத்திய பாடம் ஒன்றே ஒன்றுதான்.

"அவன், அவள், அதுன்னா ஹேஸ். அவர்னு மரியாதையா சொல்ற இடத்துல ஹேவ். மேனேஜரைப் போய் ஹேஸ்னு சொன்னா, வாடா போடான்னு சொன்ன மாதிரி."

"அப்ப எனக்குங்க?"

"உனக்கு எதுக்கு ஹேவ்? நீ 'அவ'தானே."

பிள்ளைகள் இரண்டும் வேலைக்கென்று வெளியூர் போனபின் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. கண் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிக் கொடுக்கிற வேலை ஒன்று அவளுக்கு வருகிற மாதிரி இருந்தது. தினமும் சாமி கும்பிடும்போது அதையேதான் வேண்டிக்கொண்டாள். சாயங்கால வேலை என்பதால், கணவருக்கு ஆட்சேபணை இல்லை என்று ஒரு வரி, அவர் கையெழுத்தோடு வேண்டும் என்றார் தலைமை நர்ஸ். இவள் கேட்டாள்.

"ஹேஸுக்கும் ஹேவுக்கும் வித்தியாசம் தெரியாம அங்க போய் என் மானத்தை வாங்கவா? முதல்ல ப்ரெசன்ட் டென்ஸ் படி."

"நீங்க எனக்குக் கொடுத்த ஒரே ப்ரெசன்ட் டென்ஷன்தான்."

"பாரு, அதைக் கூட சரியாச் சொல்லத் தெரியலை."

அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மூன்று நாள் எதிர்த்து ஒரு வார்த்தை இல்லை. அதற்கே அவர் பயந்திருக்க வேண்டும். ஜெயித்துவிட்டதாக நினைத்தார்.

நாலாம் நாள் டீயை முன்னால் வைத்துவிட்டு, வெள்ளைத் தாளோடு பவ்யமாக வந்து நின்றாள்.

"பாடம் கேக்கலாம்னு வந்தேன். 'என் பையன்'னா?"

"ஹேஸ். நாம பெத்தவன்தானே, அவனுக்கு என்ன மரியாதை?"

"'என் கணவர்'னா?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதெல்லாம் ஒரு கேள்வியா? கணவர். கடைசியில 'அர்' இருக்கில்ல? ஹேவ்."

"எழுதிக் காட்டுங்களேன். என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும்."

"என்ன வாக்கியம்?"

"ஏதோ ஒண்ணு. மை ஹஸ்பெண்ட், அப்புறம் நோ அப்ஜெக்ஷன். நடுவுல அது வந்தாப் போதும்."

எழுதினார். நடுவில் வந்த ஹேவை மட்டும் இன்னொரு தடவை அழுத்திக் கருப்பாக்கினார். இடமும் வலமும் என்ன இருக்கிறது என்று பார்க்க அவருக்கு நேரம் ஏது?

"தினமும் பார்த்துப் படிக்கிறேங்க. சொல்லிக் கொடுத்தவர் யாருன்னு கீழ இருக்க வேண்டாமா?"

கையெழுத்துப் போட்டார். அடியில் இரண்டு கோடு இழுத்துத் தேதியும் போட்டார். தேதி போடாமல் எந்தத் தாளையும் விடாதவர் அல்லவா!

திங்கட்கிழமை அவர் வேலை முடிந்து வந்தால் வீடு பூட்டிக் கிடந்தது. சாவி எங்கள் வீட்டில். எட்டு மணிக்குக் கையில் பையோடு அவள் வந்தாள்.

"யாரைக் கேட்டுப் போனே?"

"உங்களைத்தான். எழுதிக் கொடுத்தீங்களே, அந்தத் தாளை நர்ஸம்மா ஃபைல்ல வச்சுட்டாங்க."

அவருக்கு மெல்ல உறைத்தது. ஆனாலும் டென்ஸ் மாமா அல்லவா? "ஹேவைப் பார்த்து என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலைங்க. சிவப்பு மையால அடிச்சு ஹேஸ்னு போட்டாங்க. உங்க மரியாதை அதோட போச்சு. எனக்கு வேலை வந்தாச்சு."

இப்போது தெருவில் யாரைப் பார்த்தாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்கிறார்: "என் சம்சாரம் ஆஸ்பத்திரியில வேலை பாக்குறாங்க. இங்கிலீஷ்ல எழுதிக் கொடுத்ததே நான்தான்."

பாக்குறா இல்லை, பாக்குறாங்க. அவர் இலக்கணப்படியே இனி அவளுக்கும் ஹேவ்தான்.

நீங்கள் அவரைப் பார்த்தால் நலம் விசாரியுங்கள். அந்தச் சிவப்பு மையைப் பற்றி மட்டும் கேட்டுவிடாதீர்கள்.