மெக்கானிக் முன்னால் மட்டும் ஓடும் ஜீப்

திண்டுக்கல்,
சனிக்கிழமை.

அன்பு மச்சான் இஷாக்குக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் அக்கா கமர்ஜஹானும் மகள் ஃபர்ஹீனும் அல்லாஹ்வின் அருளால் நலம். நீ அன்போடு கொடுத்த ஜீப் நலமாக இல்லை. அங்கே ஒட்டன்சத்திரத்தில் உன் மண்டியும் பிள்ளைகளும் புதுக் காரும் நலம் என்று நம்புகிறேன், குறிப்பாகக் கார். நான்கு நாளாக நீ என் போனை எடுக்காததால், உன் மண்டிக்குத் தக்காளி ஏற்ற வரும் லாரி டிரைவர் பாரூக்கிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவர் ஹாரன் அடித்தால் நீ எடுக்காமல் இருக்க முடியாது.

உன் மருமகள் ஃபர்ஹீனுக்கு மாட்டு டாக்டர் வேலை கிடைத்துவிட்டது, சிறுமலை மேல் போஸ்டிங், மலைக்கு ஜீப்தான் சரி என்று சொல்லி, உன் கொட்டகையில் முப்பது வருடமாக நின்றதை நீ தானமாக அனுப்பினாய். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவள் வேலையில் சேர வேண்டும். பஸ் போகாத குடியிருப்புகளுக்கும் வந்து மாடு பார்ப்பேன், சொந்த வண்டி இருக்கிறது என்று அங்கே சொல்லியும் வைத்துவிட்டாள். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு, விடியற்காலைப் பனிமூட்டம், பாதி வளைவில் முன்விளக்கு அணைகிற ஜீப், அதில் என் ஒரே மகள். இதை நினைத்து எனக்கு மூன்று வாரமாகச் சோறு இறங்கவில்லை. பிரியாணி மட்டும் இறங்குகிறது.

வண்டி வந்த முதல் நாளே, பக்கத்துத் தெருவில் ஆட்டோ ஒன்றின் பேட்டரி திருடு போனது. பூட்டுக் கடைக்காரன் வீட்டு வாசலில் பேட்டரி களவு போனால் திண்டுக்கல்லில் நான் எப்படித் தலைகாட்டுவது? கடையிலேயே பெரிய மாங்காய்ப் பூட்டு, ஒன்றரைக் கிலோ, உன் டிராக்டருக்கு ரமலான் அன்பளிப்பாக அனுப்பினேனே அதே ஜாதி, அதை எடுத்துச் சங்கிலியால் பேட்டரியைச் சுற்றி, முன்பக்கக் கம்பி வழியே வெளியே இழுத்துப் பூட்டினேன். பானெட்டையும் திறக்க முடியாது, பேட்டரியையும் தொட முடியாது. சாவி என் அரைஞாணில். ஆகவே திருடன் பயம் தீர்ந்தது. உன் ஜீப்பின் பயம்தான் பாக்கி.

மறுநாள் பஸ் ஸ்டாண்ட் பக்கம் வலது இன்டிகேட்டர் போட்டேன். வைப்பர் ஓடியது. உச்சி வெயிலில் நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போவதை ஊரே பார்த்தது. வைப்பரை நிறுத்தினேன், ஹாரன் அடித்தது; அடித்தது என்றால் நிற்கவே இல்லை. எதிரே ஒரு சவ ஊர்வலம். பாடைக்குப் பின்னால் வந்தவர் திரும்பி, “ஏம் பாய், போறவருக்கே அவசரம் இல்ல, ஒங்களுக்கு என்னா அம்புட்டு அவசரம்?” என்றார். இறங்கி மன்னிப்புக் கேட்கலாம் என்று வண்டியை அணைத்தேன். பிறகு அது எழவில்லை. ஊர்வலத்தில் வந்தவர்களே நாலு பேர் இந்தப் பக்கம் வந்து தள்ளினார்கள். அன்று அவர்கள் கொண்டுபோய்ச் சேர்த்தது இரண்டு உருப்படிகளை.

ஆட்டோ எலக்ட்ரீசியன் ஈஸ்வரனை வரவழைத்தேன். நான் பூட்டைத் திறந்து, சங்கிலியை உருவிக் கீழே வைத்து, பானெட்டைத் தூக்கினேன். அவர் சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில் எழுந்தது. விளக்கு எரிந்தது, இன்டிகேட்டர் மின்னியது, ஹாரன் கேட்டால் மட்டும் அடித்தது. தாடிக்கொம்பு வரை போய்த் திரும்பினோம். ஒரு குறையும் இல்லை. அவர் போனதும் நான் பத்திரமாகப் பூட்டிவிட்டு உட்கார்ந்து சாவியைத் திருப்பினால், டிக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

இப்படி ஏழு முறை. ஈஸ்வரன் இக்னிஷன் சுவிட்சை மாற்றினார், ஃபியூஸ் பெட்டியை மாற்றினார், ஒயரையெல்லாம் உருவிப் புதிதாகக் கட்டினார். ஒவ்வொரு முறையும் அவர் முன்னால் புது மாப்பிள்ளை மாதிரி ஓடும், அவர் தெருமுனை தாண்டியதும் படுக்கும். “நீ இருக்கையில மட்டும் ஏன்யா ஓடுது?” என்று கேட்டேன். “ஒங்க மொகத்தப் பாத்தா அதுக்கு ஒதறுது பாய்” என்கிறார். “அடுத்த தடவ என்னையும் வண்டியோட வச்சுப் பூட்டிருங்க, கூடவே கெடந்து பாக்குறேன்.” உன் அக்கா ஓதிய தண்ணீர் வாங்கி வந்து ஸ்டியரிங்கில் தெளித்தாள். “அக்கா, ஒயர்ல படாமத் தெளிங்க, அப்பறம் அதுக்கும் என்னையத்தான் கூப்புடுவாரு” என்று அவர் அதற்கும் ஒரு பேச்சு.

ஆகவே குறை என் பராமரிப்பிலும் இல்லை, ஈஸ்வரன் கையிலும் இல்லை. கொடுத்தவன் மனசில் இருக்கிறது என்ற முடிவுக்கு நான் வந்துவிட்டேன். போன மாதம் உன் டிராக்டரும் இப்படித்தான் நினைத்தால் ஓடியது, நினைத்தால் நின்றது. ‘டிரைவர் அஸ்பாக் கை சரியில்லை, ஆளை நிறுத்து’ என்று நான் ஒரே வார்த்தையில் வழி சொன்னேன், நீயும் நிறுத்தினாய். டிராக்டர் சரியானதா என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. யோசனை சொல்வதோடு என் கடமை முடிந்தது. அந்த நன்றிக்காவது ஞாயிறு மாலைக்குள் இந்த ஜீப்பை இழுத்துக்கொண்டு போய், மருமகளுக்கு உன் புதுக் காரை அனுப்பு. இல்லாவிட்டால் மாமன் என்ற உறவைப் பற்றி நான் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கும். அது இதைவிட நீளமாக இருக்கும்.

உனக்கும் உன் வீட்டாருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளும், பிறருக்குப் பழைய பொருள் கொடுக்காத நல்ல குணமும் தருவானாக. பிள்ளைகளுக்கு என் துஆ.

இப்படிக்கு,
ஜமால் முகமது

பி.கு.: இன்று திங்கட்கிழமை மதியம். பாரூக்கின் லாரி நேற்றுக் கிளம்பவில்லை. கடிதம் இன்னும் என் கையில்தான். இனி கார் வேண்டாம்.

நேற்று மாலை ஃபர்ஹீன் ஜீப் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நோய் கண்ட மாட்டைப் பற்றிக் கேட்பது போல என்னைக் கேட்டாள்.

“எப்ப அத்தா இது படுக்குது? ஈஸ்வரண்ணன் போன ஒடனேயா, செத்த நேரங்கழிச்சா?”

“போன ஒடனே.”

“அவரு போனதும் நீங்க மொதல்ல என்ன செய்வீங்க?”

“பூட்டுவேன்.”

“வந்ததும்?”

“தொறப்பேன்.”

அவள் எழுந்தாள். முன்விளக்கைப் போட்டாள், எரியவில்லை. கீழே குனிந்து, தொங்கிக்கொண்டிருந்த பூட்டைக் கையில் ஏந்தினாள், எரிந்தது. விட்டாள், அணைந்தது. ஏந்தினாள், எரிந்தது. சங்கிலி பேட்டரியின் எர்த் ஒயரையும் சேர்த்துச் சுற்றியிருந்ததாம். ஒன்றரைக் கிலோவும் அதைப் பிடித்து இழுத்ததில் இணைப்பு விட்டுவிட்டுப் போனதாம். அடுப்படியிலிருந்து உன் அக்கா சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டது. நான் சொன்னது ஒன்றுதான்: ஒரு வண்டியையே அசையவிடாத பூட்டு வேறு எந்த ஊரில் செய்கிறார்கள்?

ஃபர்ஹீன் பூட்டை என் கையில் கொடுத்துவிட்டு விடியற்காலையில் கிளம்பினாள். பத்து மணிக்கு வெகு முன்னதாகவே மேலே சேர்ந்துவிட்டதாகப் போன் வந்தது. விளக்கு பதினெட்டு வளைவிலும் எரிந்ததாம்.

எழுதியதைக் கிழிக்க மனமில்லாததால் அனுப்புகிறேன். உன் டிராக்டருக்கு முன்னால் தொங்குவதைக் கழற்றி உள்ளே வை. அஸ்பாக்கை இன்றே அவன் வீட்டுக்குப் போய்க் கூப்பிடு, அவன் என்ன திட்டினாலும் கேட்டுக்கொள். பூட்டு யார் கடையிலிருந்து வந்தது என்று மட்டும் சொல்லாதே.