இருநூறு கிலோமீட்டரும் நான்கு முத்திரைகளும்

ஒரு காட்டில் தார்ச்சாலை போட்ட மறு வருஷம், ஐம்பது தாண்டிய கரடி ஒன்று சைக்கிள் வாங்கியது. அதன் பெயர் மருதப்பன். எதற்காக வாங்கினோம் என்று அதற்கே சரியாகத் தெரியாது. மிதிக்கும்போது மட்டும் அந்தக் கேள்வி வரவில்லை. அதனால் மிதித்துக்கொண்டே இருந்தது.

காட்டைச் சுற்றி ஆண்டுதோறும் இருநூறு கிலோமீட்டர் சவாரி நடக்கும். போன வருஷம் அதில் மருதப்பன் நூற்று நாற்பதாவது கிலோமீட்டரில் கண் இருட்டி விழுந்தது. வழியில் நின்று சாப்பிட அதற்கு வெட்கம். பெரிசுக்கு மூச்சு வாங்குது என்று இளவட்டங்கள் சொல்லிவிடுமே. விழுந்ததாவது ஒரு நிமிஷத்தில் முடிந்தது. பிறகு மூன்று வாரம் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. தேனடை இறக்கும் நாளில் மச்சினன் கரடி வந்து மரம் ஏறிக் கொடுத்தது. அந்தப் பேச்சு விசேஷ வீடுகளில் இன்னும் ஓயவில்லை.

இந்த வருஷம் சவாரி புதன்கிழமை. தேன் இறக்குவது சனிக்கிழமை.

"போங்க, வேண்டாங்கல," என்றது மனைவி பூரணம், வாழைப்பழச் சீப்பையும் உப்புப் போட்ட மோரையும் பையில் திணித்தபடி. "சனிக்கிழமை நீங்க மரத்து மேல இல்லன்னா, சைக்கிள் பழைய இரும்புக் கடையில இருக்கும்."

சவாரிக்குப் புது விதி வந்திருந்தது. வழியில் நான்கு சாவடி. ஒவ்வொன்றிலும் படிவம் நிரப்பி அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். நான்கு சாவடியிலும் நான்கு ஆமைகள், அண்ணன் தம்பிகள். எல்லாருக்கும் விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த வேலை. என்ன விளையாட்டு என்று யாரும் கேட்டதில்லை.

முதல் சாவடியிலேயே வரிசை வளைந்து நின்றது. ஆமை முத்திரையை எடுத்தது, ஊதியது, குத்தியது, மை காயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தது. மருதப்பனுக்கு ஓர் உண்மை பிடிபட்டது. சாலையோரம் நிற்கிறவனைக் களைத்தவன் என்பார்கள். வரிசையில் நிற்கிறவனை யாரும் எதுவும் சொல்வதில்லை. அது தைரியமாக இரண்டு பழம் தின்று, தாகம் எடுக்கும் முன்பே மோரும் குடித்தது.

நவநீதன் என்ற முயல் வரிசையைத் தாண்டிப் போனது. இறகு போல் கனமில்லாத சைக்கிள். மணிக்கட்டில் நாடியை எண்ணும் கடிகாரம்.

"எங்க பெரியப்பா ஆபீஸ்ல இருக்காருண்ணே. எனக்குப் பின்வாசல்லயே குத்திருவாங்க."

"ஏதாவது சாப்பிட்டியா தம்பி?"

"பசிக்கவே இல்லண்ணே."

இரண்டாம் சாவடியில் முக்கால் மணி நேரம். மூன்றாவதில் மை தீர்ந்துவிட, ஒரு மணி நேரம். மருதப்பன் ஒவ்வொரு இடத்திலும் முணுமுணுத்துக்கொண்டே தின்றது, நிழலில் காலை நீட்டியது.

நூற்று அறுபதாவது கிலோமீட்டரில், ஒரு புளியமரத்தடியில் முயல் உட்கார்ந்திருந்தது.

"அண்ணே, நாடி ஒழுங்கா இருக்குன்னு கடிகாரம் சொல்லுது. நம்ம காடு எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க."

மருதப்பன் மிச்சப் பழத்தையும் மோரையும் கொடுத்து, முயலுக்குத் திசை தெளியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. நான்காவது முத்திரையும் விழுந்து, இருட்டுவதற்குள் இரண்டும் சவாரியை முடித்துவிட்டன. முயலுக்கு அன்றைக்கே பின்வாசலில் சான்றிதழ் கிடைத்தது. மறுநாள் காலையில் பயிற்சிக்கு வேறு கிளம்பியது.

மருதப்பனும் மறுநாள் ஒரு வண்டி விறகு பிளந்து, தான் களைக்கவில்லை என்று ஊருக்குக் காட்டத்தான் நினைத்திருந்தது. ஆனால் சான்றிதழுக்கு அலுவலகம் போக வேண்டியிருந்தது. அங்கே ஐந்தாவது ஆமை.

"முதல் பக்கத்துல சைக்கிள் நீலம். மூணாம் பக்கத்துல கருநீலம். உக்காருங்க சார், பாக்கணும்."

உட்கார்ந்தது. பூரணம் கூழும் வேகவைத்த பயறும் கொண்டுவந்தது. மருதப்பன் சாப்பிட்டுவிட்டுப் பெஞ்சிலேயே தூங்கியது. வெள்ளிக்கிழமையும் அப்படியே. சாயங்காலம் ஆமை நிமிர்ந்து, "எல்லாம் சரியா இருக்கு சார், வாங்கிக்கலாம்," என்றது.

மருதப்பன் காலை மடக்கி நீட்டிப் பார்த்தது. வலது தொடையில் மட்டும் கொஞ்சம் பிடிப்பு இருந்தது.

"சாட்சிக் கையெழுத்து வேண்டாமா?"

ஆமை அதை முதல்முறையாக மரியாதையோடு பார்த்தது. "நல்லவேளை சொன்னீங்க. உக்காருங்க."

சனிக்கிழமை மருதப்பன் மர உச்சியில் இருந்தது. மச்சினன் கீழே பானையைப் பிடித்துக்கொண்டு நின்றது. பயிற்சியில் சுருண்டு விழுந்து வளையில் படுத்துக் கிடந்த முயல் எழ இன்னும் மூன்று வாரம் இருந்தது.

"வலி இருக்கா?" என்று கீழேயிருந்து கேட்டது பூரணம்.

"இல்ல."

"சான்றிதழ் வந்துச்சா?"

"அதுவும் இல்ல," என்றது மருதப்பன், திருப்தியோடு. "அடுத்த வருஷச் சவாரி முடிஞ்சு வரச் சொல்லியிருக்காங்க."

நீதி: சும்மா உட்கார்ந்தால் சோம்பேறி, கையில் விண்ணப்பத்தோடு உட்கார்ந்தால் பொறுப்பான குடிமகன். ஆகவே நெடுந்தூரம் மிதிக்கிறவர்கள் பழத்தையும் மோரையும் மறந்தாலும், பிழையுள்ள படிவம் ஒன்றை மறக்காமல் எடுத்துச் செல்க.